இருபத்தைந்து சுற்றுக்குக் கூலி

2024 ஆகஸ்ட் 2 அன்று இரவு, பாரிஸ் ஒலிம்பிக்கின் 10,000 மீட்டர் ஓட்டத்தை உகாண்டாவின் ஜோஷுவா செப்டெகெய் 26 நிமிடம் 43.14 விநாடியில் முடித்தார். ஒலிம்பிக் சாதனை அது. தங்கப் பதக்கத்தோடு 50,000 டாலரும் அவருக்குச் சேர்ந்தது. ஒலிம்பிக்கில் வென்றவர்களுக்கு உலகத் தடகளக் கூட்டமைப்பு தன் கையிலிருந்து பணம் கொடுத்தது அந்த ஆண்டுதான் முதல் முறை. இதே கூட்டமைப்புதான் 92 ஆண்டுகளுக்கு முன், ஓடியதற்குப் பணம் வாங்கினார் என்று குற்றம் சாட்டி, அன்றைய உலகின் தலைசிறந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரரை ஒலிம்பிக் வாசலிலேயே நிறுத்தி வைத்தது.

ஒரு சுற்று 400 மீட்டர். 5,000 மீட்டருக்குப் பன்னிரண்டரைச் சுற்று, 10,000 மீட்டருக்கு இருபத்தைந்து. அதையே தொழிலாகக் கொண்டவர் வாரந்தோறும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பயிற்சி செய்கிறார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கால்கள் ஓய்ந்துவிடும். அந்த ஆண்டுகளில் அவருக்குச் சோறு போடுவது யார்? ஒன்றரை நூற்றாண்டாக இந்தக் கேள்விக்கு வந்த பதில்களே இந்தத் தொழிலின் வரலாறு. சூதாட்டக்காரர், ராணுவம், போலீஸ், காலணிக் கம்பெனி என்று முதலாளிகள் மாறிக்கொண்டே வந்தார்கள். ஓடுபாதை பெயரைத் தந்தது. வருமானம் பெரும்பாலும் வேறெங்கிருந்தோதான் வந்தது.

முதல் முதலாளி சூதாட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மதுக்கடைக்காரர்கள் தங்கள் கடையை ஒட்டியே ஓடுபாதை போட்டார்கள். நுழைவுக் கட்டணம், மது விற்பனை, பந்தயப் பணம் என்று மூன்று வழியிலும் காசு பார்த்தார்கள். அந்தச் சந்தைக்கு 1861இல் அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். நியூயார்க் மாநிலத்து செனிக்கா பழங்குடியைச் சேர்ந்த லூயிஸ் பென்னட். பந்தயக் களத்தில் அவர் பெயர் டீர்ஃபுட். ஓநாய்த் தோல் போர்த்தி, தலையில் இறகு சூடி வந்து நிற்பார். ஊர் ஊராக அவரைக் கூட்டிச் சென்ற மேனேஜர் ஜார்ஜ் மார்ட்டின், 1862இல் ஒரு குழுவையே சேர்த்துக்கொண்டு நாடு முழுவதும் பந்தயம் நடத்தினார். யார் எங்கே ஜெயிப்பது என்பது முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டது என்பது பின்னர் வெளிச்சத்துக்கு வந்தது. கூட்டம் டீர்ஃபுட்டை வேடிக்கைப் பொருளாகப் பார்த்தது உண்மை. ஆனால் 1863இல் ஒரு மணி நேரத்தில் அவர் ஓடிய 11 மைல் 970 கெஜத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. 18 கிலோமீட்டரைத் தாண்டிய அந்தத் தொலைவு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முறியாமல் நின்றது. கடிகாரத்தை எதிர்த்து ஓடியதில் அவர் பெற்ற மரியாதைதான் கடைசிவரை நிலைத்தது.

சூதும் ஏற்பாடும் பெருகவே, பணக்கார வீட்டுப் பிள்ளைகள் தனியாகப் பிரிந்து 'அமெச்சூர்' என்ற வேலியைப் போட்டார்கள். 1860களில் லண்டன் அமெச்சூர் தடகள மன்றம், காசுக்கு ஓடியவர்களோடு மட்டும் நிறுத்திக்கொள்ளவில்லை. கைத்தொழில் செய்பவர், கூலி வேலை செய்பவர் யாரும் அமெச்சூர் ஆக முடியாது என்று விதியிலேயே எழுதி வைத்தது. 1880இல் பிறந்த இங்கிலாந்தின் தடகளச் சங்கம் அந்த வரியை எடுத்தது. காசு வாங்கக் கூடாது என்பது மட்டும் அப்படியே நின்றது. அப்பன் சொத்தில் சாப்பிடுகிறவனுக்கு அந்த விதி ஒரு பொருட்டே இல்லை. உழைத்துச் சாப்பிட வேண்டியவனுக்கோ அது கதவடைப்பு.

வால்டர் ஜார்ஜின் கதை அதற்குச் சாட்சி. மருந்துக் கடையில் தொழில் பழகிய அவர் அமெச்சூர் ஓட்டங்களில் ஒரு மைல் முதல் பத்து மைல் வரை எல்லாவற்றிலும் முதலாமவர். ஆனால் அவருக்கு இணையான ஒரே ஓட்டக்காரரான ஸ்காட்லாந்தின் வில்லியம் கம்மிங்ஸ் காசுக்கு ஓடுபவர். இருவரும் மோதினால் என்ன ஆகும் என்று நாடே கேட்டது. தன் பங்கை மருத்துவமனைக்குக் கொடுத்துவிடுகிறேன், ஒரு முறை ஓட அனுமதியுங்கள் என்று ஜார்ஜ் சங்கத்திடம் கேட்டும் அனுமதி கிடைக்கவில்லை. 1885இல் வேலியைத் தாண்டினார். அந்த ஆண்டின் மூன்று பந்தயங்களில் மைல் ஓட்டம் ஜார்ஜுக்கு. நான்கு மைலும் பத்து மைலும் கம்மிங்ஸுக்கு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லண்டன் லில்லி பிரிட்ஜ் மைதானத்தில் ஜார்ஜ் ஒரு மைலை 4 நிமிடம் 12¾ விநாடியில் ஓடினார். அதைவிட வேகமாக இன்னொருவர் ஓட 1915 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்கள் முதன்முதலாகச் சேர்ந்தன. இரண்டையும் பின்லாந்தின் ஹன்னஸ் கோலெமைனென் வென்றார். அதே ஊரில் அதே ஆண்டு, ஸ்வீடனின் சிக்ஃப்ரிட் எட்ஸ்ட்ரோம் தலைமையில் உலகத் தடகளக் கூட்டமைப்பும் உருவானது. தொழிலுக்குரிய மேடையும், அதைத் தொழிலாகச் செய்யக் கூடாது என்ற காவலும் ஒன்றாகவே பிறந்தன.

அந்தக் காவலில் சிக்கியவர்தான் பாவோ நூர்மி. 1897இல் பின்லாந்தின் துர்க்கு நகரில் பிறந்தவர். தச்சுத் தொழிலாளியான தந்தை 1910இல் இறந்ததும் பள்ளியை விட்டுவிட்டு ரொட்டிக் கடையில் எடுபிடி வேலைக்குப் போனார். மேட்டுத் தெருக்களில் பார வண்டி தள்ளியதே தன் கால்களுக்கு உரமேற்றியதாக அவர் நம்பினார். சீரான வேகமே சிக்கனமான வேகம் என்று கண்டுகொண்டு, கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு ஓடினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் இறுதியும் 5,000 மீட்டர் இறுதியும் ஒரே நாளில், ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளியில் அமைந்தன. மூன்று வாரம் முன்பே ஹெல்சிங்கியில் அதே இடைவெளியில் ஒத்திகை பார்த்த நூர்மி, அந்த ஒத்திகையிலேயே இரண்டு தூரத்திலும் உலக சாதனை படைத்திருந்தார். பாரிஸில் இரண்டு தங்கமும் அவருக்கே. இரண்டு நாள் கழித்து நடந்த கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில் கொடும் வெயில் தாங்காமல் புறப்பட்ட 38 பேரில் 15 பேரே எல்லையைத் தொட்டார்கள். அதிலும் நூர்மியே முதல். மூன்று ஒலிம்பிக்குகளில் மொத்தம் ஒன்பது தங்கம், மூன்று வெள்ளி.

இப்படிப்பட்டவரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. 1925இல் ஐந்து மாத அமெரிக்கப் பயணத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பந்தயங்கள் ஓடினார். டிக்கெட் விற்றவர்கள் சம்பாதித்தார்கள், பத்திரிகைகள் சம்பாதித்தன. ஓடியவர் மட்டும் வழிச்செலவோடு திரும்ப வேண்டும் என்பது விதி. 1929இல் ஜெர்மனியில் ஓடியபோது வழிச்செலவு என்ற பெயரில் அதிகம் வாங்கினார் என்று சொல்லி 1932இல் கூட்டமைப்பு அவரைத் தடை செய்தது. மாரத்தானில் ஓடி முடித்துவிட்டு விலகலாம் என்று லாஸ் ஏஞ்சலீஸ் வரை போயிருந்தார். போட்டி தொடங்கும் வேளையிலும் தடை நீங்கவில்லை. பின்லாந்து தன் மண்ணில் அவரை ஓட விட்டது. 1934இல் ஓட்டத்தை நிறுத்தினார். பிறகு ஹெல்சிங்கியில் அடுக்குமாடி வீடுகள் கட்டி, துணிமணிக் கடை நடத்திப் பெரும் செல்வரானார். உலகம் முழுவதும் பெயர் பெற்றுத் தந்த கால்கள் தர முடியாததை செங்கல்லும் சிமென்டும் தந்தன. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் வந்தபோது, தீபத்தோடு மைதானத்துக்குள் நுழைந்தவர் அவர்தான். அவரைத் தடை செய்த எட்ஸ்ட்ரோம் அப்போது சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தார்.

நூர்மிக்கு நடந்தது ஸ்வீடனின் குண்டர் ஹேகுக்கும் நடந்தது. 1942 கோடையில் மூன்று மாதத்துக்குள் பத்து உலக சாதனைகள். 5,000 மீட்டரை 14 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் அவர்: 13 நிமிடம் 58.2 விநாடி. தீயணைப்பு வீரராக வேலை பார்த்துக்கொண்டே ஓடினார். உலகப் போர் முடிந்த கையோடு, பந்தய அமைப்பாளர்களிடம் பணம் வாங்கியதாக அவருக்கும் போட்டியாளர் ஆர்னே ஆண்டர்சனுக்கும் ஆயுள் தடை.

காசு வாங்கினால் தடை, வாங்காவிட்டால் பட்டினி. இந்த முடிச்சை அவிழ்க்க நாடுகள் கண்ட வழி சீருடை. ஓட்டக்காரரை ராணுவத்திலோ போலீஸிலோ சேர்த்துச் சம்பளம் கொடுத்தால் அவர் ஏட்டளவில் அமெச்சூர். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாடோபெக் ஸ்லீன் நகரத்து பாட்டா காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தொழிற்சாலை நடத்திய ஓட்டத்தில் கட்டாயத்தின் பேரில் கலந்துகொண்டு ஓட்டக்காரரானார். போருக்குப் பின் ராணுவ அதிகாரி. 400 மீட்டர் வேகமாக, சிறிது மெதுவாக, மீண்டும் 400 வேகமாக என்று ஒரே நாளில் பல பத்துச் சுற்றுகள் ஓடும் அவரது பயிற்சி முறை உலகின் ஓட்டப் பயிற்சியையே மாற்றியது. 1952இல் 5,000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம்; வேறு யாரும் இன்றுவரை ஒரே ஒலிம்பிக்கில் செய்யாதது. 1954இல் ஹேகின் 5,000 மீட்டர் சாதனையை முறித்தார். இரண்டே நாளில் பிரஸ்ஸல்ஸில் 10,000 மீட்டரை 28 நிமிடம் 54.2 விநாடியில் ஓடி, 29 நிமிடத்தை உடைத்த முதல் மனிதரானார். ஆனால் 1968 பிராக் வசந்தத்தில் சீர்திருத்தத்தின் பக்கம் நின்றதற்காக அதே ராணுவம் அவரை வெளியே தள்ளியது. நில ஆய்வுக் குழுவோடு அலைந்து உடலுழைப்பு வேலை செய்தார். சம்பளம் தந்த கைக்கு அதைப் பறிக்கவும் முடியும் என்பதை அவரைவிடக் கசப்பாக அறிந்தவர் இல்லை.

எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா அரச காவல் படை. கென்யாவின் கிப் கெய்னோ போலீஸ். பின்லாந்தின் லாஸ்ஸே விரேனும் போலீஸ். 1965இல் ஆஸ்லோவில் 10,000 மீட்டரில் 28 நிமிடத்தை உடைத்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க்கோ சீருடையின்றிக் கணக்கர் வேலை பார்த்தவர். இன்றும் செப்டெகெய் உகாண்டா போலீஸ்காரர்தான்.

காலணிக் கம்பெனிகள் மறைவாக நுழைந்தது இந்தக் காலத்தில். 1976 மாண்ட்ரியலில் 10,000 மீட்டரை வென்ற விரேன், காலணிகளைக் கழற்றி உயரத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார். விளம்பரம் செய்கிறார் என்று ஒலிம்பிக் அதிகாரிகள் கேள்வி கேட்டார்கள். காலில் கொப்புளம் என்றார் அவர்.

இந்த இரட்டை வாழ்க்கையில் நசுங்கியவர் கென்யாவின் ஹென்றி ரோனோ. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, 1978இல் 81 நாட்களில் 3,000, 5,000, 10,000 மீட்டர்களிலும் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸிலும் உலக சாதனை படைத்தார். 1976லும் 1980லும் கென்யா ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவருக்கு ஒலிம்பிக் வாய்ப்பே கிடைக்கவில்லை. குடிக்கு அடிமையானார், வீடின்றி அலைந்தார், பிறகு மீண்டு வந்து தன் கதையை எழுதினார். 2024இல் காலமானார். நான்கு உலக சாதனைகளை ஒரே பருவத்தில் வைத்திருந்தவருக்கு ஒரு முறையான வருமானத்தை அமைத்துத் தராத விளையாட்டு அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

1982இல் கூட்டமைப்பு இறங்கி வந்தது. பரிசுப் பணத்தை அறக்கட்டளைக் கணக்கில் போட்டு வைக்கலாம், பயிற்சிச் செலவுக்கு எடுக்கலாம் என்றது. 1985இல் கிராண்ட் பிரீ தொடர் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து மொராக்கோவின் சையத் அவுயிட்டா ரோம் நகரில் 5,000 மீட்டரில் 13 நிமிடச் சுவரை உடைத்தார்.

எல்லாக் கதவும் திறந்த காலத்தில் வந்தவர் ஹைலே கெப்ரசெலாஸி. எத்தியோப்பியாவின் ஆர்சி மேட்டுநிலத்தில், அசெல்லாவுக்கு அருகே விவசாயக் குடும்பத்தில் 1973இல் பிறந்தார். பள்ளி பத்துக் கிலோமீட்டர். புத்தகங்களை இடது கையில் இடுக்கிக்கொண்டு ஓடிய பழக்கத்தால், உலகச் சாம்பியனான பிறகும் அவர் இடது கை வளைந்தே இருந்தது. 1993இல் ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் அவர் கால் முன்னே ஓடிய மோசஸ் தனுயின் குதிகாலை மிதித்துவிட்டது. தனுய் காலணியை உதறிவிட்டு, ஒற்றைக் காலில் சாக்ஸோடு பாய்ந்தார். கடைசி நேர்ப்பாதையில் ஹைலே தாண்டினார். தங்கத்தோடு ஒரு மெர்சிடிஸ் காரும் கிடைத்தது; அந்தப் போட்டியில் வென்ற எல்லோருக்கும் அதுவே பரிசு. 1997 ஏதென்ஸ் உலகப் போட்டியிலிருந்து ரொக்கமே வந்தது, முதலிடத்துக்கு 60,000 டாலர். 1998இல் கோல்டன் லீக் தொடரின் பத்து லட்சம் டாலரை ஹைலே இன்னும் இருவரோடு பங்கிட்டுக்கொண்டார்.

அவரோடு ஒரு தொழிற்சாலையே வளர்ந்தது என்று சொல்லலாம். 1976இல் ஒரு மணி நேர ஓட்டத்தில் உலக சாதனை படைத்த நெதர்லாந்தின் யோஸ் ஹெர்மன்ஸ், காயத்தால் ஓட்டத்தை விட்டு மேனேஜரானவர். அவர்தான் ஹைலேயின் பந்தயங்களை அமைத்தார். நெதர்லாந்தின் சிறிய நகரமான ஹெங்கெலோவில் ஹைலே 1994, 1995, 1998 ஆண்டுகளில் உலக சாதனைகள் படைத்தார். சாதனைக்கான இரவு தானாக அமைவதில்லை. காற்றில்லாத நாள் பார்க்க வேண்டும். முதல் சில ஆயிரம் மீட்டரைக் குறித்த வேகத்தில் இழுத்துச் செல்ல பேஸ்மேக்கர்களை அமர்த்த வேண்டும். அவர்களும் கூலிக்கு ஓடுபவர்களே. பாதியில் விலகுவதுதான் அவர்கள் வேலை. இன்று அந்த வேலையில் பாதியை ஓடுபாதை ஓரத்தில் பொருத்திய பச்சை விளக்குகள் செய்கின்றன. சாதனை வேகத்தில் விளக்கு நகரும், ஓட்டக்காரர் பின்தொடர்வார். 2020இல் மொனாக்கோவில் 5,000 மீட்டரில் 12:35.36, வலென்சியாவில் 10,000 மீட்டரில் 26:11.00 என்று செப்டெகெய் படைத்த சாதனைகளில் அந்த விளக்குகளின் பங்கு பெரியது. உடல் அவருடையதுதான், ஆனால் நூர்மி கையிலிருந்த கடிகாரம் இப்போது தரையில் ஓடுகிறது.

பெண்களுக்கு இந்தத் தொழில் மிகத் தாமதமாகவே திறந்தது. ஒலிம்பிக்கில் பெண்களின் 3,000 மீட்டர் 1984இல்தான் வந்தது, 10,000 மீட்டர் 1988இல், 5,000 மீட்டர் 1996இல். ஆண்களுக்குப் பின் 84 ஆண்டுகள்! அதன்பின் அவர்கள் ஓடிய ஓட்டத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு. 2024 மே மாதம் அமெரிக்காவின் யூஜீனில் கென்யாவின் பியாட்ரிஸ் செபெட் 10,000 மீட்டரை 28 நிமிடம் 54.14 விநாடியில் ஓடி, 29 நிமிடத்தை உடைத்த முதல் பெண்ணானார். ஜாடோபெக் அதே சுவரை உடைத்த நேரத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அடுத்த ஆண்டு அதே ஊரில் 5,000 மீட்டரை 13:58.06இல் ஓடினார். அது ஹேகின் நேரத்தை விடச் சற்றே விரைவு.

பணம் வந்த பின் பெண்களின் கதையில் ஒரு இருட்டும் சேர்ந்தது. சீனாவின் வாங் ஜூன்ஷியாவும் அவரோடு பயின்ற பெண்களும் 1993இல் உலக சாதனைகளைத் தகர்த்தபின், பரிசுப் பணத்தையும் கொடூரப் பயிற்சியையும் முன்னிட்டுப் பயிற்சியாளர் மா ஜூன்ரெனை விட்டு வெளியேறினார்கள். கென்யாவில், கடல் மட்டத்திலிருந்து 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள இடென் ஊர் உலகின் ஓட்டக்காரர்கள் எல்லாம் பயிற்சிக்குக் கூடும் இடம். 2021 செப்டம்பரில் பெண்கள் மட்டும் ஓடும் பத்து கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் 30:01 என்று உலக சாதனை படைத்த ஆக்னஸ் திரோப், அடுத்த மாதமே அந்த ஊரில் தன் வீட்டில் கொலை செய்யப்பட்டார். வயது 25. கணவர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அவர் நினைவாகச் சக ஓட்டக்காரர்கள் 'திரோப்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி, வீட்டு வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்குத் துணை நிற்கிறார்கள். ஓடிச் சம்பாதிக்கும் பெண்ணின் நிலமும் வீடும் வங்கிக் கணக்கும் யார் பெயரில் இருக்கின்றன என்பதை மேனேஜர்களும் சங்கங்களும் கேட்டாக வேண்டும். பதக்கம் வாங்கியபோது கைதட்டியவர்களுக்கு அந்தக் கடமை உண்டு.

இந்தியாவில் நெடுந்தொலைவு ஓட்டக்காரரின் முதலாளி இன்றும் சீருடையும் அரசு வேலையும்தான். புதுக்கோட்டை மாவட்டம் தந்த இருவர் இதற்கு நல்ல சான்று. ராணுவத்தில் சேர்ந்த கோவிந்தன் லட்சுமணன் 2017இல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றார். ரயில்வேயில் வேலை பெற்ற லோகநாதன் சூர்யா 2016 தெற்காசிய விளையாட்டுகளில் அதே இரண்டு தூரங்களிலும் தங்கம் வென்றார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் லட்சுமணன் 10,000 மீட்டரை மூன்றாவதாக முடித்தார். ஆனால் ஓடும்போது உட்கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்ததாகச் சொல்லி வெண்கலம் பறிக்கப்பட்டது. இருபத்தைந்து சுற்றில் ஒரு காலடி. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை மட்டும் இல்லாதிருந்தால், அந்த ஒரு காலடியோடு இப்படிப்பட்டவர்களின் பிழைப்பே சரிந்திருக்கும். அந்த வேலைகளை ஏளனமாகப் பேசுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது பணம் வாங்குவது குற்றமில்லை. ஆனால் பணம் ஓடுபாதையை விட்டுச் சாலைக்குப் போய்விட்டது. 2008இல் துபாய் மாரத்தான் வெற்றிக்கு ஹைலே பெற்றது 2,50,000 டாலர். உலகத் தடகளப் போட்டியில் 10,000 மீட்டர் தங்கத்துக்கு இன்றும் 70,000 டாலர்தான். டைமண்ட் லீக் தொடரில் 10,000 மீட்டருக்கு நிரந்தர இடமே இல்லை. 2019இல் தொலைக்காட்சி நேரத்தைக் காரணம் காட்டி 5,000 மீட்டரையும் நீக்கப்போவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, பிறகு அந்த ஓட்டம் திரும்பி வந்தது. 2003இல் பாரிஸில் 18 வயதில் 5,000 மீட்டர் உலகச் சாம்பியனான எலியுட் கிப்சோகே 2012 ஒலிம்பிக் அணியில் இடம் கிடைக்காமல் சாலைக்கு மாறியதால்தான் உலகம் அறிந்த மாரத்தான் வீரரானார். செப்டெகெய் பாரிஸ் தங்கத்துக்குப் பின் அதே அக்டோபரில் டெல்லி அரை மாரத்தானில் ஓடி வென்றார்.

ரசிகர்களுக்கு 10,000 மீட்டர் சலிப்பு என்பது ஒப்புக்கொள்ள முடியாத வாதம். லண்டனில் பார்லிமென்ட் ஹில் ஓடுபாதையில் 2013 முதல் 10,000 மீட்டருக்கென்றே ஒரு இரவு நடக்கிறது. பார்வையாளர்கள் ஓடுபாதையின் வெளிக்கோடுகளுக்குள்ளேயே நின்று, ஓடுபவர் மூச்சு காதில் விழும் தூரத்தில் ஆரவாரம் செய்கிறார்கள். கலிபோர்னியாவின் சான் ஜுவான் கபிஸ்திரானோவில் அப்படி இன்னொரு இரவு. 2025 மார்ச்சில் அங்கே போய்த்தான் இந்திய ராணுவ வீரர் குல்வீர் சிங் 27 நிமிடம் 0.22 விநாடியில் தேசிய சாதனை படைத்தார். இவ்வளவு ஓட்டக்காரர்களைத் தந்த நாட்டில் அவருக்கு அப்படி ஒரு பந்தயம் கிடைக்கவில்லை. சென்னை நேரு விளையாட்டரங்கில், வெயில் தணிந்த ஒரு ஜனவரி இரவில், இரண்டு பேஸ்மேக்கர்களோடும் கௌரவமான பரிசுத்தொகையோடும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரு 10,000 மீட்டர் பந்தயத்தை நடத்தத் தமிழ்நாட்டுத் தடகள அமைப்பாளர்களும் அரசும் முன்வர வேண்டும்.